எமில் எறிந்த கடைசிப் பந்து

ஹேசல் தெருப் பூங்காவில் புல் இருந்த இடத்தைவிட இல்லாத இடம்தான் அதிகம். அமெரிக்காவின் டொலிடோ நகரத்தின் கிழக்குக் கரையில், வார்ப்பட ஆலைக்கும் தேவாலயத்துக்கும் நடுவே, ஹங்கேரியிலிருந்து வந்த குடும்பங்கள் நெருக்கியடித்துக் குடியிருந்த பேட்டை அது. 1958 கோடையில் பள்ளிக்கூடம் மூடிய மறுநாளே எமில் கோம்போஸும் அவன் வயதுப் பையன்களும் பூங்காவைக் கைப்பற்றிக்கொண்டார்கள். காலையில் போனால் ஆலைச் சங்கு ஊதும்போது சாப்பிட வீடு. வாயைத் துடைத்துக்கொண்டே மறுபடியும் ஓட்டம். தெருவிளக்கு எரிந்தால்தான் நாள் முடிந்தது என்று கணக்கு.

பெரியவர்கள் யாரும் அந்தப் பக்கம் வர மாட்டார்கள். பேஸ்பாலுக்குச் சீருடை, பயிற்சியாளர் எல்லாம் பணக்காரப் பேட்டைச் சமாச்சாரம். இங்கே ஓடித் தொட வேண்டிய முதல் பேஸ் ஒரு சாக்கு, இரண்டாவது பேஸ் ஒரு அட்டைப்பெட்டி, மூன்றாவது பேஸ் அன்றைக்கு எவன் சட்டையைக் கழற்றுகிறானோ அவன் சட்டை. மேப்பிள் மரத்தில் பந்து பட்டால் செல்லாது. பேக்கரிக்காரர் தோட்டத்தில் விழுந்தால், நாய்க்குத் தப்பி அடித்தவனே போய் எடுத்துவர வேண்டும்.

அணி பிரிப்பதில்தான் பெரிய சுவாரசியம். ஒருவன் மட்டையைத் தூக்கிப் போடுவான், இன்னொருவன் ஒற்றைக் கையால் பிடிப்பான். பிறகு இருவரும் மாறி மாறிக் கைக்கு மேல் கை வைத்து ஏறிக்கொண்டே போவார்கள். மட்டை நுனியில் இருக்கும் குமிழை யார் கை மூடுகிறதோ அவனுக்குத்தான் முதல் ஆளைக் கேட்கும் உரிமை. யார் ஜெயித்தாலும் முதலில் கேட்பது எமிலைத்தான். பன்னிரண்டு வயதில் அவன் பந்தெறிந்த வேகத்துக்கு அந்தப் பேட்டையில் ஈடு கிடையாது. அடுத்தது ரூடி கெர்டெஸ். எமில் எறிவதை அடிக்கத் தெரிந்த ஒரே பையன் அவன். இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தான். ஆகஸ்டு வரைக்கும் எமிலுக்கு அவனைவிட நெருங்கிய சிநேகிதன் இல்லை.

அந்தக் கோடையில் அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு பந்து. தையல் பிரிந்து உள்ளே இருக்கும் நூல் தெரிய ஆரம்பித்ததும், ரூடியின் அப்பா மின்சார வேலைக்கு வைத்திருந்த கறுப்பு டேப்பை அதைச் சுற்றி இறுக்கி ஒட்டிக் கொடுத்தார். தார் உருண்டை மாதிரி இருக்கும். கையில் கனக்கும், வெயிலில் பிசுபிசுக்கும், வெளிச்சம் குறைந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை. அன்றைக்கும் ரூடி எதிரணியில். மத்தியானத்திலிருந்து எமிலின் பந்தை மூன்று தடவை தூக்கி அடித்திருந்தான். எமில் இரண்டு தடவை பேக்கரி வேலி வரைக்கும் ஓட வேண்டியிருந்தது. பொழுது சாய்ந்து, "கடைசி ஆள், கடைசி ஆள்" என்று எல்லோரும் கத்திக்கொண்டிருந்தபோது ரூடி மறுபடியும் மட்டையோடு வந்து நின்றான்.

"என்னடா கோம்போஸ், கை ஓஞ்சு போச்சா? இந்தப் பந்த எறியப் போறியா, இல்ல தபால்ல அனுப்பப் போறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். எமிலின் அணிக்காரர்களும் சிரித்தார்கள். அதுதான் அவனுக்குச் சுருக்கென்றது.

"வாங்கிக்கடா," என்றான்.

அப்போது மனசில் என்ன இருந்தது என்பது எமிலுக்குப் பிற்பாடும் தெளிவாக நினைவிருந்தது. ரூடியின் நெஞ்சுக்கு நேராக எறிய வேண்டும். அவன் பயந்து பின்னால் துள்ளிப் புழுதியில் உட்கார வேண்டும். இப்போது அவன் சிரிக்கட்டும். அவ்வளவுதான். பந்து நினைத்ததைவிட ஒரு சாண் மேலே போயிற்று. எமிலின் முதுகுக்குப் பின்னால் மேப்பிள் மரம் இருட்டிக் கிடந்தது. அதிலிருந்து புறப்பட்டு வந்த கறுப்புப் பந்தை ரூடி பார்த்ததாகவே தெரியவில்லை. அவன் துள்ளவில்லை. மட்டையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, மெதுவாக, களைத்துப்போனவன் மாதிரி உட்கார்ந்தான்.

"கை வழுக்கிடுச்சு," என்றான் எமில். யாரும் கேட்பதற்கு முன்பே சொன்னான். "டேப்பு பிசுபிசுன்னு இருந்துச்சு, கை வழுக்கிடுச்சு."

ரூடியின் இடது கண்ணை மருத்துவர்களால் காப்பாற்ற முடியவில்லை.

நான்காம் நாள் ரூடியின் அம்மா எமில் வீட்டுக்கு வந்தாள். பேட்டைப் பையன்களுக்கெல்லாம் அவள் மார்கிட் அத்தை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. திட்டப்போகிறாள் என்று எமில் சுவரோரம் ஒட்டிக்கொண்டு நின்றான்.

"நீ சாப்பிடவே மாட்டேங்கறியாமே, உங்கம்மா சொன்னா. வேணும்னா செஞ்ச? கை வழுக்கினா நீ என்னடா பண்ணுவ? போய்ச் சாப்பிடு," என்று அவன் தலையைத் தடவினாள்.

அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. தலையில் இருந்த அந்தக் கையின் சூட்டில் அது உள்ளேயே போய்விட்டது.

மூன்று வாரம் கழித்து ரூடி வீடு திரும்பினான். அக்ரூட் பருப்பு வைத்துச் சுருட்டிய ரொட்டியை எமிலிடம் கொடுத்து, பார்த்துவிட்டு வா என்று அம்மா அனுப்பினாள். அவன் அதை வாசற்படியில் வைத்து, மணியை அடித்துவிட்டு ஓடிவந்துவிட்டான். பள்ளிக்கூடத்துக்கு வேறு தெரு வழியாகப் போக ஆரம்பித்தான். பூங்காவுக்குக் கூப்பிட்டவர்களிடம் தோள்பட்டை வலி என்றான். கொஞ்ச நாளில் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த வசந்தத்தில் ரூடி பூங்காவுக்குத் திரும்பினான். ஒற்றைக் கண்ணால் பந்து எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று பிடிபடவில்லை; மட்டையை வீசினால் காற்றுதான். நாலு நாள் முயன்று பார்த்துவிட்டு, ஐந்தாம் நாள் நேராகப் போய், பந்து பிடிக்கிற கேட்சருக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இனிமே நான்தான் அம்பயர். எவனுக்காவது ஆட்சேபணை இருக்கா?" என்றான். ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆட வந்திருந்த ஒருவன், விஷயம் தெரியாமல், வழக்கமாக எல்லா அம்பயரையும் கத்துகிற மாதிரி, "குருட்டு அம்பயர்!" என்று கத்திவிட்டான். பையன்கள் எல்லோரும் ரூடியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாதிதான்டா குருடு. துப்பாக்கியில குறி பாக்கறவன் ஒரு கண்ண மூடிக்கறான்ல? எனக்கு அந்த வேலை மிச்சம். நீ அவுட்டு, கெளம்பு," என்றான் ரூடி.

இதையெல்லாம் எமில் மற்றவர்கள் சொல்லித்தான் கேள்விப்பட்டான். சிரித்தபடி சொன்னார்கள். அவனுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

வருஷங்கள் ஓடின. எமில் கண்ணாடித் தொழிற்சாலையில் உலை வேலைக்குச் சேர்ந்தான். ரூடிக்கு வார்ப்பட ஆலையில் கிரேன் ஓட்ட ஆசை. ஒற்றைக் கண்ணுக்கு அந்த வேலை கொடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். குழாய் சாமான் கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் இருவரும் தலையசைத்துக்கொள்வார்கள். "எப்படி இருக்க?" "இருக்கேன்டா." அதோடு சரி.

எமிலுக்குக் கல்யாணமாகி நோரா பிறந்தாள். அவளோடு கொல்லைப்புறத்தில் விளையாடும்போது, பிடித்த பந்தை அவன் எறிந்து கொடுத்ததே இல்லை; புல்லில் உருட்டித்தான் விடுவான். அப்பாவுக்குத் தோளில் ஏதோ கோளாறு என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அந்தத் தோள் எப்படியோ அவளுக்கு வந்திருந்தது. 1980இல், பத்து வயதில், பேட்டை அணிக்குப் பந்தெறிகிறவளாக அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆட்டமெல்லாம் ஹேசல் தெருப் பூங்காவில். அம்பயர் ரூடி கெர்டெஸ்.

முதல் சனிக்கிழமை எமில் அவளைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, வண்டியிலேயே உட்கார்ந்து பார்த்தான். பூங்காவில் இப்போது கம்பிவேலி, பெஞ்சு, நிஜமான பேஸ், பையன்களுக்குத் தலைக்கவசம் எல்லாம் வந்திருந்தன. மேப்பிள் மரத்தை எப்போதோ வெட்டிவிட்டார்கள். மூன்றாவது சுற்றில் நோரா எறிந்த பந்து தவறி ஒரு பையனின் தோளில் பட்டது. அவன் "ஆ" என்று கத்திவிட்டுத் தேய்த்துக்கொண்டே விதிப்படி முதல் பேஸுக்கு நடந்தான். பெரிய அடி ஒன்றுமில்லை. ஆனால் நோரா பந்தைக் கீழே போட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள்.

எமில் வண்டியிலிருந்து இறங்கியது அவனுக்கே தெரியாது. கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ரூடி முகமூடியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவளிடம் நடந்துபோனான்.

"நான் வேணும்னு எறியல சார்," என்று விசும்பினாள்.

"தெரியும்மா. உங்கப்பா உன்னவிட வேகமா எறிவான் தெரியுமா? இதோ, இந்தக் கண்ணுல எறிஞ்சான். அவனும் வேணும்னு எறியல, கை வழுக்கிடுச்சு. இப்ப நான் என்ன செத்தா போயிட்டேன்? அந்தப் பையன் ஏற்கெனவே சிரிச்சுக்கிட்டு நிக்கறான் பாரு. எடு பந்த."

அவள் எடுத்தாள். ஆட்டம் நடந்தது. எமில் அதன் பிறகு ஆட்டத்தைப் பார்க்கவில்லை. தான் சொன்ன பொய் இருபத்திரண்டு வருஷம் கழித்துத் தன் மகளுக்கே ஆறுதலாகத் திரும்பி வந்திருக்கிறது. அதுவும் யார் வாயிலிருந்து! வேலிக் கம்பி உள்ளங்கையில் பதிந்துபோகும் அளவுக்கு இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஆட்டம் முடிந்து ரூடி தன் சாமான்களை வண்டியின் பின்புறத்தில் வைத்துக்கொண்டிருந்தபோது எமில் போய்ப் பக்கத்தில் நின்றான்.

"ரூடி. கை வழுக்கலடா."

"எப்ப?"

"அன்னைக்கு."

ரூடி நிமிர்ந்தான். நல்ல கண்ணால் பார்ப்பதற்காகத் தலையை முழுக்கத் திருப்பினான்.

"நீ கேலி பண்ணின கோவத்துல உன் நெஞ்சுக்கு நேரா எறிஞ்சேன். நீ பயந்து விழணும்னு. கண்ணுல படணும்னு நெனைக்கல. ஆனா வேணும்னுதான் எறிஞ்சேன்."

எனக்கு எப்பவோ தெரியும் என்று ரூடி சொல்லுவான் என எமில் பல வருஷமாகக் கற்பனை செய்து வைத்திருந்தான். ரூடிக்குத் தெரிந்திருக்கவில்லை. அவன் முகம் மெல்ல மெல்ல வெளிறியது.

"எனக்குக் கிரேன் வேலை இல்லன்னதும் எங்கம்மா உன்ன எப்பிடிச் சபிச்சா தெரியுமா? சாகற வரைக்கும் சபிச்சா. நான்தான்டா ஒவ்வொரு தடவையும் சண்டை போட்டேன். பாவம்மா, அவன் கை வழுக்கிடுச்சு, அவன எதுக்குத் திட்டறன்னு." கதவை ஓங்கிச் சாத்தினான். "போடா. எங்கிட்டப் பேசாத."

அடுத்த சனிக்கிழமை எமில் வண்டிக்குள் உட்காரவில்லை. பெஞ்சில், எல்லோரும் பார்க்கிற இடத்தில் உட்கார்ந்தான். ரூடி அந்தப் பக்கமே திரும்பவில்லை. நோராவின் பந்துகளுக்கு மட்டும் எப்போதும் போல நியாயமாகத் தீர்ப்புச் சொன்னான். அதற்கடுத்த சனிக்கிழமையும் அப்படியே. வீட்டுக்கு வந்தால் மனசு ரணமாக இருந்தது. ஆனாலும் எமிலுக்குச் சாப்பாடு இறங்கியது, தூக்கம் வந்தது. அதற்காகவும் வெட்கப்பட்டான்.

அதற்கும் அடுத்த சனிக்கிழமை, ஆட்டம் தொடங்குவதற்கு முன் ரூடி பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்றான்.

"அப்பிடி நான் என்னடா சொன்னேன் அன்னைக்கு? மூணு வாரமா யோசிக்கறேன், ஞாபகமே வரல."

"பந்த எறியப் போறியா, தபால்ல அனுப்பப் போறியான்னு கேட்ட."

ரூடியின் உதட்டோரம் லேசாகத் துடித்தது.

"நல்லாத்தான் சொல்லியிருக்கேன்."

"எல்லாரும் சிரிச்சாங்க."

"சிரிக்காம?" ரூடி தரையைக் காலால் கீறினான். "பரவால்ல, மறந்துடுன்னு சொல்ல மாட்டேன் எமில். எனக்குச் சொல்ல வரல. சில நாள் உன் மூஞ்சியப் பாக்கவே புடிக்காது."

"சரி."

"முதல் பேஸ்ல நிக்க வேண்டிய அம்பயர் இன்னைக்கு வரல. நிப்பியா, மாட்டியா?"

எமில் எழுந்து போய் நின்றான். பத்தொன்பது கோடைகள் அங்கேயே நின்றான். நோரா வளர்ந்து, வேலை கிடைத்து கொலம்பஸ் நகரத்துக்குப் போன பிறகும் சனிக்கிழமை தவறாமல் வந்தான். தன் பக்கம் உருண்டு வரும் பந்தை எடுத்தால் எறிய மாட்டான். நடந்துபோய்ப் பந்தெறிகிற பிட்ச்சர் கையில் கொடுத்துவிட்டு வருவான். பையன்கள் கேலி செய்வார்கள்: "அம்பயர் சார், பந்துக்குத் துணைக்குப் போறீங்களா?" ஆகஸ்டு பிறந்தால் சில வாரங்கள் ரூடி அவனோடு பேச மாட்டான். எமில் காரணம் கேட்க மாட்டான். செப்டம்பரில் ரூடியே முட்டைக்கோஸ் இலையில் கறி சுருட்டிச் சமைத்த பொட்டலம் ஒன்றை நீட்டி, "எம்பொண்டாட்டி குடுத்தா, தின்னு" என்பான். இப்படியே இருவருக்கும் ஐம்பது தாண்டி, முட்டி தேய்ந்து, ஒரே நாளில் விளையாட்டிலிருந்து விலகினார்கள்.

எழுபதாவது வயதில் ரூடியின் இருக்கிற கண்ணிலும் புரை விழுந்தது. அறுவை சிகிச்சை செய்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்குச் சரியாகிவிடும் என்றார் மருத்துவர். ரூடிக்கு அந்த மீதி இரண்டு பேரைப் பற்றித்தான் கவலை. ஒரு வருஷம் தள்ளிப்போட்டான். அப்புறம் ஒரு காலையில் எமிலைத் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"வியாழக்கிழமை உனக்கு என்ன வேலை?"

"ஒண்ணுமில்ல."

"வண்டிய எடுத்துக்கிட்டு ஏழு மணிக்கு வா."

ஆஸ்பத்திரியில் ரூடியை உள்ளே கூட்டிப்போன பிறகு எமில் காத்திருக்கும் அறையில் உட்கார்ந்திருந்தான். ஒரு பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். படிவத்தோடு வந்த நர்ஸ், "நீங்க அவருக்கு என்ன உறவு?" என்று கேட்டாள். எமில் பத்திரிகையை மூடிவைத்தான்.

"சின்ன வயசுல சேந்து விளையாடினோம்," என்றான். அவள் அதை எந்தக் கட்டத்தில் எழுதினாளோ தெரியாது.

மறுநாள் காலையில் கண்கட்டைப் பிரித்தபோதும் எமில் கூட இருந்தான். ரூடி பலமுறை கண்ணைச் சிமிட்டினான். சுவரைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், பிறகு தலையைத் திருப்பி எமிலை நிதானமாகப் பார்த்தான்.

"அடப்பாவி, இவ்வளவு கெழவனாயிட்டியாடா?"

"நீ மட்டும் என்ன?"

வீடு திரும்புகிற வழியெல்லாம் ரூடி கடைப் பலகை ஒன்றுவிடாமல் உரக்கப் படித்துக்கொண்டு வந்தான். பால் கடை, சலவைக் கடை, டயர் கடை, தள்ளுபடி, வாடகைக்கு. ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் சிவப்பு விளக்கில் எமில் வண்டியை நிறுத்திக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"பச்சை விழுந்துடுச்சு, போடா," என்றான் ரூடி. "எனக்கே தெரியுது."