பேனாவால் சொன்ன பெயர்

எழுத உட்கார்ந்ததற்கே முதலில் என்னை மன்னித்துக்கொள்ள வேண்டும். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் பேசச் சொன்னால் முந்தானையைத் திருகிக்கொண்டு நிற்பேன். போன வாரம் என் மகள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் பாரம் வாங்கி வந்து பேனா கேட்டாள். பெட்டியைத் துழாவினேன். மூடி விரிசல்விட்ட கறுப்புப் பேனா கைக்கு வந்தது. என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று பள்ளியில் பரிசாகக் கொடுத்தது. அதை மகளிடம் கொடுக்க மனம் வராமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அக்காவின் நினைவு வந்துவிட்டது.

அக்கா கூடப்பிறந்தவள் அல்ல. என் கணவருடைய அண்ணன் மனைவி. அறுபதுகளின் கடைசியில் நான் கல்யாணமாகி மூக்கண்டப்பள்ளிக்கு வந்தபோது, அவள் கணவர் பெங்களூருக்கு மில் வேலைக்கென்று போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. கடிதம் இல்லை, ஆள் வரவும் இல்லை. அக்கா விடியும் முன் எழுந்து தண்ணீர் சேந்துவாள். பிறகு பட்டுப்பூச்சிக்கு மல்பெரி இலை பறிக்கக் கூலிக்குப் போவாள். கெலமங்கலத்தில் இருந்த அவள் பிறந்த வீட்டில், கட்டிக் கொடுத்தாயிற்று என்று கைகழுவிவிட்டார்கள்.

அடுத்து வந்த தேர்தலுக்கு முன்பு பள்ளிக்கூட வாத்தியார் வீடு வீடாக வந்து, நிலைப்படியில் சாக்பீஸால் எண் போட்டு, இருபத்தொரு வயது நிரம்பியவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டு போனார். எங்கள் வீட்டில் மாமியாரான அத்தைதான் பதில் சொன்னார். பெரிய மகன் பெயரையும் அக்கா பெயரையும் அவர் சொல்லவில்லை. "அவன் வரட்டும் சார், ரெண்டு பேரையும் சேத்தே எழுதிக்கலாம்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மகன் வருவான் என்று நம்பிக்கொண்டிருந்த தாய் அவர்.

பட்டியலைப் பள்ளிச் சுவரில் ஒட்டியபோது நான்தான் படித்துப் பார்த்தேன். என் பெயர் இருந்தது. அக்கா பக்கத்தில் நின்று, "என் பேரு எதுன்னு காட்டு, தொட்டுப் பாக்கறேன்" என்றாள். இல்லை என்றேன். நீட்டிய விரலை மடக்கிக்கொண்டாள். "அந்தூட்லயும் எழுதலே, இந்தூட்லயும் எழுதலே. அப்ப நான் எங்க இருக்கறேன், புள்ள?"

விடுபட்டவர்கள் தாலுகா ஆபீசில் பாரம் கொடுக்கலாம் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். மறுவாரம் இரண்டு பேரும் அத்தைக்குச் சொல்லாமல் ஓசூருக்கு நடந்தோம். குமாஸ்தா பாரத்தை வைத்துக்கொண்டு அக்காவின் பெயர், வயது, கதவு எண் எல்லாம் எழுதினார். "புருசன் பேரு?" என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். எங்கள் வீடுகளில் பெண்கள் கணவர் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். கணவரின் அண்ணன் பெயரை நானும் சொல்லக் கூடாது. குமாஸ்தா கன்னடத்தில் ஒருமுறை, தெலுங்கில் ஒருமுறை கேட்டார். எந்த மொழியிலும் எங்களுக்கு வாய் திறக்கவில்லை.

"ஏம்மா, ரெண்டு பொம்பளைங்க வந்திருக்கீங்க, ஒரு ஆம்பளை பேரு கிடைக்க மாட்டேங்குதா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா என் முழங்கையை இடித்து, "உனக்குத்தான் எழுதத் தெரியுமே. எழுதினா சொன்னதாகாது" என்றாள். இடுப்பில் செருகி வந்த அந்தக் கறுப்புப் பேனாவை எடுத்து, கட்டத்தில் அக்கா கணவர் பெயரை எழுதினேன். அக்கா கீழே பெருவிரல் ரேகை வைத்தாள்.

சில நாள் கழித்து விசாரிக்க, ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் வீட்டுக்கு வந்தார். "இந்தம்மா இங்கதான் குடியிருக்குதா?" என்று கேட்டார். அத்தை தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் 'இல்லை' என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது. அக்கா கையில் இருந்த முறத்தைக் கீழே வைக்கவும் மறந்து நின்றாள். நான் எப்படி முன்னால் வந்தேன் என்று இன்றும் தெரியாது. "இங்கதான் இருக்காங்க. நானும் அவங்களும் ஒரே அடுப்புலதான் ஆக்கறோம்" என்றேன்.

அத்தை திரும்பினார். "அடேயப்பா, இதுக்கு வாய்கூட இருக்குதா?" பிறகு கர்ணத்திடம், "எழுதிக்குங்க. எம் மகன் பேரையும் விட்றாதீங்க" என்றார்.

"ஊர்ல இல்லாதவர எழுத முடியாதும்மா. இந்தம்மாவுக்குப் புருசன்னு அவர் பேரு வரும்."

"அது போதும்" என்றார் அத்தை.

வோட்டு நாளன்று பள்ளி அறையில் கட்சி ஏஜெண்டுகளுக்குக் கேட்கும்படி அதிகாரி பட்டியலை உரக்கப் படித்தார். அக்காவின் முறை வந்தபோது அவள் பெயர், பிறகு அவள் கணவர் பெயர். எங்கள் வீட்டில் வருடக்கணக்காக யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர். கூப்பிட்டதும் ஆள் வந்துவிடுவதுபோல அக்கா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். வெயில்தான் இருந்தது. பிறகு அவள் இடது கையை நீட்டி மை வைத்துக்கொண்டு, பாராளுமன்றத்துக்கு ஒன்றும் சட்டசபைக்கு ஒன்றுமாகச் சீட்டுகளை வாங்கி, மறைப்புக்குள் போனாள். வெளியே வந்தபோது யாருக்குப் போட்டாள் என்று நான் கேட்கவில்லை.

என் மகள் கடையில் வாங்கிய பேனாவில் பாரத்தை நிரப்பினாள். அப்பா பெயரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினாள். கறுப்புப் பேனாவை மறுபடி பெட்டியில் வைத்தேன்.

வோட்டுப் போட்ட மறுநாள் அக்கா வழக்கம்போல மல்பெரி இலை பறிக்கப் போனாள். நிலைப்படியில் இருந்த சாக்பீஸ் எண்ணை, பட்டியலில் மகன் பெயரும் சேர்ந்துவிட்ட அந்த வீட்டு எண்ணை, அத்தை துடைக்கவில்லை.