வைரவன் பெயர் எழுதிய சிடி

வெள்ளிக்கிழமை மத்தியானம் சோறு தின்று முடித்து லேபர் கேம்பே குறட்டை விடுகிற நேரத்தில், இத்தாலிக்காரன் எடுத்த ரத்தப் படம் ஒன்றைப் போட்டுக்கொண்டு டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்காருகிறவன் எங்கள் ரூமில் ஒருத்தன் இருந்தான். வைரவன். தேவகோட்டைப் பக்கத்துக்காரன். தோஹா தொழில்பேட்டையில் கார்களுக்கு பெயின்ட் அடிக்கிற ஒர்க்‌ஷாப்பில் வேலை. அவன் பேசுவதே பாதி நமக்குக் கேட்காது, அவ்வளவு சாது. இவனா இந்தப் படங்களைப் பார்க்கிறான் என்று ரூமுக்குப் புதிதாக வருகிறவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

எனக்கு அந்தக் கண்றாவி கட்டோடு பிடிக்காது. அதே ஒர்க்‌ஷாப்பில் நான் டிங்கர். நாள் முழுக்க தகரத்தைத் தட்டிவிட்டு வந்து படுத்தால், காதுக்குள் எவளோ ஒருத்தி அலறுகிறாள். "டேய், தின்ன சோறு வெளியே வந்துரும்போல இருக்குடா, நிப்பாட்டுடா" என்று கத்துவேன்.

"சேதுராமண்ணே, செத்த கண்ண மூடிக்கங்க. இப்ப கழுத்த அறுப்பான். முடிஞ்சதும் சொல்றேன்" என்பான். முடிந்ததும் மறக்காமல் சொல்லவும் செய்வான். இவனை என்ன செய்வது!

படங்கள் நஜ்மா பக்கம் காதர் மைதீன் பாய் வைத்திருந்த வீடியோ கடையிலிருந்து வந்தன. ஊரைக் காலி செய்துகொண்டு போன யாரோ ஒரு வெள்ளைக்காரன் பெட்டி நிறைய கேசட்டுகளை விட்டுவிட்டுப் போயிருந்தான். சீந்துவார் இல்லை. வைரவன் ஒருவனுக்காகவே பாய் அவற்றை சிடியில் ஏற்றிக் கொடுத்தார்.

அதற்காக அவன் கண்மூடித்தனமான பக்தன் என்று நினைக்க வேண்டாம். என்னைவிட மோசமாகத் திட்டுவான். "கதைன்னு ஒரு மண்ணும் இருக்காதுண்ணே. வாய் ஒரு பக்கம் அசையும், பேச்சு ஒரு பக்கம் வரும். போலீஸ்காரன் பூராப் பயலும் மடப்பயலா இருப்பான். அந்தப் புள்ளைகள இந்த வதை வதைக்கிறான் பாருங்க, அது எனக்கு ஆகவே ஆகாது. ரத்தமா அது? நம்ம ஒர்க்‌ஷாப் சிவப்ப தண்ணியக் கலக்காம ஊத்தியிருக்கான்."

"பின்ன என்ன எழவுக்குடா பாக்குற?"

"அந்த வெளிச்சத்தப் பாருங்கண்ணே. ஒரு சாதாரண மாடிப்படிதான். ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் சிவப்பு. யாருமே வரல, ஒண்ணுமே நடக்கல, நமக்குக் கையெல்லாம் சில்லுங்குது. அப்புறம் அந்த மியூசிக்கு. தாலாட்டு மாதிரி போட்டுக்கிட்டே கொல்லுவான். எவனுக்குண்ணே வரும் இது?"

கலர் கலக்குகிற கைக்கு அந்தக் கலர் பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை என்று நான் விட்டுவிட்டேன்.

இரண்டாயிரத்து நாலில் அவனுக்கு ஒரு சம்பந்தம் கூடி வந்தது. பெண் பெயர் நாகஜோதி. போட்டோவைப் பார்த்ததிலிருந்து பயல் தனியாகச் சிரிக்க ஆரம்பித்திருந்தான். அதற்கு முன் வந்த இடங்களெல்லாம், மாப்பிள்ளை நேரில் வரவில்லை, என்ன குணமோ என்று கைநழுவிப் போனவை. இதையும் விட்டால் இனி அலைய முடியாது என்று அவன் அம்மா சொல்லிவிட்டார். முதலாளியோ லீவு மாஃபி, கிடையவே கிடையாது என்று கையை விரித்துவிட்டார். லீவு கிடைக்காத மாப்பிள்ளைகள் அப்போது செய்ததைத்தான் இவனும் செய்தான். காதர் மைதீன் பாய் இவனுக்கு இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, கடற்கரை ரோட்டில் நிற்க வைத்து, கேமராவில் பிடித்தார். "எல்லாருக்கும் வணக்கம், நான் நல்லா இருக்கேன்" என்று இவன் பேசியதை ஒரு சிடியில் ஏற்றினார். பெண் வீட்டில் சொந்தபந்தம் கூடி உட்கார்ந்து அதைப் பார்த்து முடிவு சொல்வதாக ஏற்பாடு.

அதே சாயங்காலம் ஒரு ரத்தப் படத்தையும் ஏற்றி வாங்கிக்கொண்டான். அங்கேதான் சனி பிடித்தது.

கேம்பில் எல்லாப் பொருளுக்கும் பெயர் எழுதி வைப்போம். வாளி, தட்டு, சோப்பு டப்பா எதுவானாலும் பெயர் இல்லையென்றால் மறுநாள் அடுத்த ரூமில் இருக்கும். வைரவன் வந்ததும் வராததுமாக, யாரும் தூக்கிவிடக் கூடாதே என்று, ரத்தப் படத்தின் மேல் மார்க்கரால் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினான். மாப்பிள்ளை சிடியை எவன் திருடப்போகிறான்? அதை வெறுமனே விட்டுவிட்டான். மறுநாள் ரூம்மேட் சுரேஷ்குமார் லீவில் ஊருக்குக் கிளம்பினான்; மாப்பிள்ளை சிடியைப் பெண் வீட்டில் சேர்ப்பது அவன் பொறுப்பு. டூட்டியில் இருந்த வைரவன் போனில், "பெட்டி மேல சிடி இருக்கு, எடுத்துக்க" என்றான். சுரேஷ்குமார் பார்த்தான். ஒன்றில் பெயர் இல்லை, ஒன்றில் வைரவன் என்று இருந்தது. பெயர் இருந்ததைப் பத்திரமாகத் துணிக்குள் சுற்றி எடுத்துப் போனான். அவனைக் குறை சொல்ல முடியுமா? நானாக இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பேன்.

ஊரிலிருந்து வைரவனின் அம்மா போனில் அழுத அழுகை எனக்கே கேட்டது. மாப்பிள்ளை வருகிறார் என்று பெண் வீட்டில் விளக்கேற்றி, பெரியவர்களை முன்னால் உட்கார வைத்து, சிடியைப் போட்டிருக்கிறார்கள். கறுப்புக் கையுறை போட்ட ஒருத்தன் வந்து ஒரு பெண்ணைக் கண்ணாடியோடு சேர்த்துக் குத்தியிருக்கிறான். மாப்பிள்ளை பின்னால் வருவார் போல என்று எல்லோரும் பொறுமையாக வேறு இருந்திருக்கிறார்கள். இரண்டாவது கொலையில் பெண்ணின் அத்தைக்கு மயக்கம். அப்பா எழுந்து டிவியை நிறுத்தியிருக்கிறார். வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையோடு தானே பேசிவிட்டு முடிவு சொல்வதாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

"டேய், எம் படம்னு சொல்லிருடா. பேர மாத்தி எழுதிட்டாங்கன்னு சொல்லு. நான் கெட்ட பேரு வாங்கிக்கிறேன், எனக்கென்ன இனிமேலா பொண்ணு பாக்கப்போறாங்க?" என்றேன். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு டூட்டிக்குக் கிளம்பிவிட்டான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சோற்றைத் தொடாமல் கட்டிலில் உட்கார்ந்து போன் போட்டான். நானும் காதை ஒட்டிக்கொண்டேன்.

"தம்பி, அது யாரு படம்?" என்றார் பெண்ணின் அப்பா. நான் விரலால் என் நெஞ்சைக் குத்திக் காட்டினேன்.

"என் படந்தான் மாமா" என்றான் இந்த மடையன். எனக்கு வந்த கோபத்துக்கு அவனை அங்கேயே அறைந்திருப்பேன்.

"இதையெல்லாம் எதுக்கப்பா பாக்குற? மனசுல என்னதான் இருக்கு உனக்கு?"

"மாமா, இங்க ரூம்ல எல்லாரும் குடும்பப் படம் பாப்பாங்க. அதுல அப்பா செத்துப்போவாரு, தகவல் வரும், மகன் வெளியூர்ல இருப்பான். என்னால அதப் பாக்க முடியாது மாமா. எங்கப்பா போனது எனக்கு இப்படி ஒரு போன்லதான் வந்துச்சு. இந்தப் படத்துல நடக்கிறது யாருக்கும் நடக்காது. நல்லா பயந்துட்டு, முடிஞ்சதும் நிம்மதியாத் தூங்கலாம். அவ்வளவுதான் மாமா."

இத்தனை வருஷம் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிறேன், என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தப் பக்கம் பெண்ணின் அப்பா செருமுவது கேட்டது.

"இந்தா, புள்ள என்னமோ கேக்கணுங்குது" என்றார்.

ஒரு பெண் குரல் வந்தது. "நாகஜோதி பேசுறேன். அப்பா பாதியில நிப்பாட்டிட்டாங்க. அந்தக் கையுறைக்காரன் யாரு?"

வைரவன் திருதிருவென்று முழித்தான். "அது... படத்துல அதுவரைக்கும் வராத ஒரு ஆளுங்க."

"அய்யய்ய! இதுக்கா இத்தன பேர வெட்டுனான்?"

"அதாங்க அந்தப் படங்கள்ல உள்ள கோளாறே."

"அந்தப் புள்ளைக்கும் அறிவு வேணாமா? உள்ள சத்தம் கேக்குது, வெளிய வாசல் தொறந்து கெடக்கு, மாடிக்குப் போறா. ஆனா அந்த நீல வெளிச்சம் நல்லா இருந்துச்சு. அத்தை விழுந்ததால சரியாப் பாக்க முடியல."

இவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "உங்களுக்குப் பயமா இல்லீங்களா?" என்றான்.

"படத்துக்குப் பயப்படல. எம் படந்தான்னு ஒத்துக்குவீங்களா, இல்ல யார் தலையிலயாச்சும் போடுவீங்களான்னுதான் ராத்திரியெல்லாம் பயந்துக்கிட்டு இருந்தேன். அப்பாவ நாள் பாக்கச் சொல்லியிருக்கேன். லீவுக்கு எழுதிப் போடுங்க."

போன் வைத்த பிறகும் அவன் அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை. நான்தான் பிடுங்கிக் கட்டில்மேல் போட்டேன். நான் சொன்னபடி என் தலையில் போட்டிருந்தால் காரியமே கெட்டிருக்கும். தலையில் ஒரு குட்டு வைத்து, இழுத்துக் கட்டிக்கொண்டேன். பயல் சட்டையெல்லாம் வேர்வை.

"அண்ணே," என்றான். "ரொம்பப் பசிக்குதுண்ணே."