வன்னித் தூணில் எண்ணெய்க் கறை

இரண்டாயிரம் பிறந்த புதிதில், அமீரகத்தில், அல் அய்ன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நானும் என் வீட்டுக்காரரும் வேலை பார்த்தோம். எனக்கு அரபி வீட்டுச் சமையல், அவருக்கு ஆட்டுக்கொட்டகை.

கொட்டகை, முதலாளியின் தாத்தா காலத்தது. ஆணியே கிடையாது. வன்னி மரத்தூண்கள், மேலே கப்பலில் வந்த கம்புகள், எல்லாம் பேரீச்சை நார்க் கயிற்றில் கட்டியது. அந்தக் கம்பு இரண்டு ஆள் நீளத்துக்கு மேல் கிடைக்காதாம். அதனால் கொட்டகை அகலமில்லாமல் ரயில் பெட்டி மாதிரி நீண்டு கிடக்கும். சுவரெல்லாம் ஈச்ச மட்டை, இடுக்கில் காற்று வரும்.

மத்தியானம் சோறு கொண்டுபோனால் நடுத்தூணில் தலைசாய்த்து உட்கார்ந்திருப்பார். தேங்காயெண்ணெய் வழிய வழிய வைப்பார்.

“இப்படி எண்ணெ வச்சா ஆடு வந்து தலைய நக்கும் பாருங்க.”

“நீ தேச்சு விட்டா அது ஏன் நக்கப் போவுது?” என்பார். எனக்கு வெட்கமாகிவிடும், யாராவது கேட்டார்களா என்று திரும்பிப் பார்ப்பேன்.

அந்தத் தூணில் அவர் தலை பட்ட இடம் கறுப்பாக மினுங்கும்.

ஒருநாள் நெஞ்சுவலி என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. உடம்பு ஊருக்குப் போனது. முதலாளி வீட்டம்மா பிள்ளை பெற்றிருந்த நேரம், எனக்கு லீவு இல்லை. ஊரில் இருந்த மகன் கொள்ளி வைத்ததைப் போனில்தான் கேட்டேன். அதற்கப்புறம் எனக்கு அந்தக் கறைதான். வேலை முடிந்து போய்த் தொட்டுவிட்டு வருவேன்.

மறுவருஷம் ஆடுகளைத் தகரக் கொட்டகைக்கு மாற்றினார்கள். விருந்தாளிகள் பார்க்கிற மாதிரி பழையதைச் சரிசெய்ய ஒரு எஞ்சினியர் வந்தார், திருநெல்வேலிக்காரர். அவரிடம் போய் நின்றேன். கறையை மட்டும் விட்டுவிடச் சொல்லிக் கேட்டேன்.

“ஏம்மா, பாக்க வர்றவங்க இது என்ன கறைன்னு கேட்டா என்னத்தச் சொல்லட்டும்?”

“எங்க வீட்டுக்காரர் தலைன்னு சொல்லுங்க.”

அவர் குனிந்து கறையை விரலால் தடவிப் பார்த்தார். “எனக்கு ஒண்ணுமில்லம்மா. முதலாளி ஒத்துக்க மாட்டாரு. நாளைக்கு ஆளு மிஷின் கொண்டாந்து தேச்சிருவான்.”

“மிஷின் வேண்டாங்க. நானே கழுவுறேன்.”

ஊரில் உடம்பைக் குளிப்பாட்டும்போது சொந்தமெல்லாம் தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைப்பார்கள். நான் வைக்கவில்லை. பெட்டியில் ஒரு பொட்டலம் சீயக்காய்த்தூள் இருந்தது. வெந்நீரில் கரைத்து எடுத்துப் போனேன். நின்றால் குனிய வேண்டியிருந்தது. அவர் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தேன். கறை என் தலைக்கு மேலே இருந்தது. அவ்வளவு உயரம் அவர். கையைத் தூக்கி, உள்ளங்கையால் வலிக்காமல் தேய்க்கிற மாதிரி தேய்த்தேன். வெந்நீர் பட்டதும் அவர் வாசனை வந்தது. பிறகு அதுவும் நுரையோடு இறங்கி மண்ணில் போய்விட்டது.

காய்ந்ததும் தூண் மற்றத் தூண்களைப் போல வெளுத்துவிட்டது. அதைப் பார்த்ததும் வாய்விட்டு அழுதேன். அவர் செத்த அன்றைக்கு, பச்சைக் குழந்தை இருக்கிற வீடு என்று அழவிடவில்லை.