புறங்கையில் ஒரு சொட்டு ஆயில்

காருக்கு எந்த நம்பர் ஆயில் ஊற்றலாம் என்று என் மகன் போன மாதம் கேட்டான். புத்தகத்தில் போட்டிருக்கும், பார்த்து ஊற்று என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். அந்த மாதிரிப் புத்தகம் ஒன்றை நான் ஒருமுறை படித்திருக்கிறேன். படித்தது ஒன்று, சொன்னது ஒன்று.

அப்பாவுக்கு ராசிபுரத்தில் நெய் வியாபாரம். கடைக்கு வரும் ஒவ்வொரு டின்னிலிருந்தும் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து முகர்ந்து, "ஆவாது, எடுத்துட்டுப் போ" என்பார். அவர் தீர்ப்பு தப்பியதே இல்லை. அதனால், ஒழுகக்கூடிய எதற்கும் தாமே நீதிபதி என்று நம்பினார்.

எனக்குப் பதினோரு வயதானபோது அவர் ஒரு பழைய கார் வாங்கினார். அதைப் பார்த்துக்கொண்டவர் மாமா, அம்மாவின் தம்பி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். அப்பாவின் தங்கையான என் அத்தையை அவருக்குக் கொடுக்கலாம் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா பிடிகொடுக்கவில்லை. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு குடும்பமும் கேட்டிருந்தது. தை பிறந்ததும் அங்கே கோயிலில் வைத்துப் பெண்ணைக் காட்டுவதென்று ஏற்பாடு. அந்தப் பயணத்துக்காகக் காரில் ஆயில் மாற்ற வந்தவரும் மாமாதான்.

கடை வாசலில் அவர் புது டின்னைத் திறந்ததும் அப்பா புறங்கையை நீட்டினார். சொட்டு நிற்காமல் மணிக்கட்டுக்கு ஓடியது.

"என்ன மாப்ள, தண்ணியாட்ட ஓடுது?"

"முப்பது நம்பருங்க மச்சான். அப்படித்தான் ஓடும்."

"கலப்படம். போர் போடற ரிக் வண்டிக்கெல்லாம் அம்பது ஊத்தறாங்க, கெட்டியா இருக்குது."

"அது லாரிங்க. மலைக் குளிர்ல அம்பது ஊத்துனா காலைல இஞ்சின் சுத்தவே சுத்தாதுங்க."

"நல்ல சரக்குன்னா குளிருக்கு உறையோணும். எனக்கேவா சொல்லித் தார?"

மாமா சிரித்துவிட்டார். பக்கத்துக் கடைக்காரர்களும் சிரித்தார்கள். அப்பாவின் காது சிவந்தது.

"வண்டிப் பொஸ்தகத்துலயே போட்டிருக்குதுங்க. உங்க பையனையே படிக்கச் சொல்லுங்க" என்றார் மாமா.

வகுப்பில் இங்கிலீஷில் நான்தான் முதல். கடும் குளிருக்கு இருபது, எங்கள் ஊர் போன்ற இடங்களுக்கு முப்பது, பாலைவனத்துக்கு ஐம்பது என்று மூன்று வரிகள் இருந்தன. எண்களை எல்லோராலும் படிக்க முடியும். எந்த எண் எந்த ஊருக்கு என்பதுதான் இங்கிலீஷில் இருந்தது. எனக்கு நன்றாகவே புரிந்தது. ஆனால் அப்பாவின் முகத்தில் எழுதியிருந்தது இன்னும் தெளிவாகப் புரிந்தது. கடைசி வரியில் விரலை வைத்தேன்.

"நம்மூருக்கு அம்பதுங்கப்பா."

"சாமி, நல்லாப் பாரு" என்றார் மாமா.

"நல்லாப் பாத்துட்டேன் மாமா."

"கலப்படக்காரனுக்கு எந் தங்கச்சியைக் குடுக்கறதில்ல" என்று அப்பா தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். மாமா டின்னை மூடி எடுத்துக்கொண்டு போனார். மன்னிப்புக் கேட்கப் பிறகு எனக்கு நாற்பது வருடம் கிடைத்தது. கேட்கவில்லை. இப்போது அவர் இல்லை.

அப்பா ரிக் வண்டிக்காரர் ஒருவரிடம் ஐம்பது நம்பர் வாங்கி ஊற்றினார். அது அவசரப்படாமல் இறங்கிய அழகைப் பார்த்து, "இது சரக்கு!" என்றார்.

ஏற்காட்டில் உறவினர் வீட்டில் தங்கினோம். மறுநாள் விடிந்ததும் அப்பா சாவியைத் திருப்பினார். படுத்த எருமையை உதைத்து எழுப்பினாற்போல் இஞ்சின் ஒருமுறை முனகியது. பிறகு அதுவும் இல்லை. பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, முன்பக்கம் இஞ்சினைச் சுற்றும் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றினார். கைப்பிடி அசையவில்லை, அவர்தான் அதைச் சுற்றி வந்தார். எட்டு மணிக்குக் கோயிலில் இருக்க வேண்டும். அம்மாவும் நானும் பட்டுப் புடவையில் அத்தையும் தள்ளினோம். அப்பா உள்ளே உட்கார்ந்து, "இன்னும் வேகமா! சோறு திங்கலையா?" என்று உற்சாகப்படுத்தினார்.

எங்களைக் காணாமல் மாப்பிள்ளை வீட்டார் ஜீப்பில் தேடி வந்தார்கள். மாப்பிள்ளையே குதித்து இறங்கித் தள்ளினார். சேற்றில் வழுக்கி முழங்கால் வரை பூசிக்கொண்டு சிரித்தபடி எழுந்து மறுபடி தள்ளினார். இறக்கத்தில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. "தள்ளுனான் பாரு! இவன்தான் மாப்பிள்ளை" என்றார் அப்பா. கோயிலுக்குப் போகும் முன்பே கல்யாணம் முடிவாகிவிட்டது. பழியை அவர் பேட்டரியின் மேல் போட்டார். ஆயிலைப் பற்றி ஒரு சொல் இல்லை.

திரும்பும்போது அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். காரில் கிடந்த புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைப் புரட்டினாள். அவளும் பள்ளிக்கூடம் முடித்தவள். விரல் முதல் வரியைத் தாண்டி இரண்டாவது வரியில், முப்பதில் நின்றது.

அவள் புத்தகத்தை மூடினாள். அப்பாவுக்குக் கேட்காத குரலில், "அன்னிக்குக் கடைய விட்டுப் போறப்ப உங்க மாமா எதாச்சும் சொல்லுச்சா கண்ணு?" என்றாள்.

"ஒண்ணும் சொல்லலீங்கத்தை."

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அடிவாரம் வரை திரும்பவே இல்லை. நம்பரைப் பற்றிக் கேட்காமல் விட்டுவிட்டாளே என்று எனக்கு ஒரே நிம்மதி. கொண்டை ஊசி வளைவுகளைச் சத்தமாக எண்ணிக்கொண்டு வந்தேன்.