பாதத்தில் ஊர்ந்த கோடு

காலை ஐந்தே முக்கால். வாசற்படியில் என் மனைவி வலது பாதத்தைத் திருப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். குதிகாலிலிருந்து சிவந்த கோடொன்று வளைந்து வளைந்து போனது. முந்தின நாள் அதன் நுனியில் பேனாவால் ஒரு புள்ளி வைத்திருந்தேன். கோடு அந்தப் புள்ளியைத் தாண்டி ஒரு விரலகலம் போயிருந்தது.

“ராவெல்லாம் ஊருது. வாடியில கண்டாங்க எண்டா என்னைய வேலையால நிப்பாட்டிருவாங்க” என்றாள்.

யுத்தம் முடிந்து சில வருடங்களாகியும் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த நாங்கள் கரைத்தீவிலேயே இருந்தோம். மன்னாரில் எங்கள் காணியில் காடு ஏறியிருந்தது. இங்கே கருவாடு காயவைக்கும் வாடியில் அவளுக்கு நாட்கூலி வேலை. அதில்தான் வீடு ஓடியது.

வாடியில் கண்டுவிட்டார்கள். கூட வேலை செய்யும் இளையவள் ஒருத்தி, “ராத்தாட கால்ல புது ரோட்டு! மன்னாருக்கா போகுது?” என்று கேட்க எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. “தோல் வருத்தத்தோட மீனத் தொட வேணாம் தங்கச்சி. சொகமாகிட்டு வாங்க.”

ஆஸ்பத்திரியில் டொக்டர் பார்த்தவுடனேயே சொன்னார்: பூனையின் கொழுக்கிப்புழு. மீன்குடலுக்காகப் பற்றைக்குள்ளிருந்து வரும் பூனைகள் வாடி மணலில்தான் மலம் கழிக்கின்றன. அதில் உருவாகும் புழுக்குஞ்சு வெறுங்காலைத் துளைத்து ஏறும். பூனையின் உடம்பென்றால் குடலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். மனிதத் தோலில் அதற்கு வழி தெரியாது. உள்ளே இறங்கவும் முடியாமல், வெளியே வரவும் முடியாமல் சாகும்வரை தோலுக்கடியிலேயே சுற்றும். இன்னொருவருக்குத் தொற்றாது, மீனுக்கும் ஒன்றுமில்லை. குளிசை எழுதிவிட்டு, “இனிச் செருப்பில்லாம அந்த மணல்ல நிக்க வேணாம்” என்றார்.

முதலாளியிடம் நானும் கூடப் போனேன். தொற்றாது என்பதை ஏற்றுக்கொண்டார். செருப்பு என்றதும் முகம் மாறியது. மீன் பரப்பிய இடத்துக்குள் அங்கே யாரும் செருப்போடு போவதில்லை. அவரே கழற்றிவிட்டுத்தான் நுழைவார்.

“மனிசர் திங்கிற சாமானுக்குள்ள செருப்புக் காலா, தம்பி?”

“அப்ப பூனைகளத் துரத்துங்களேன், ஹாஜியார்.”

“வாயில்லாச் சீவன்ட பாவம் எனக்கு வேணாம். பூனை இல்லாம எலி வந்து வலையக் கடிச்சா நீங்களா வந்து பொத்துவீங்க?”

மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “போதும், வாங்க. ஹாஜியார், நான் நாளைக்கு வாறன்.”

மறுநாள் காலை அவள் செருப்பை வேலிக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள். மீன் காயும் தட்டிகளுக்குக் கீழே, மணலில், புதிதாகப் பூனைத் தடங்கள் இருந்தன.