அம்மா சொன்னதை மாற்றாமல் சொன்னேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, பிளஸ் டூ ரிசல்ட் வந்த சமயம். குரோம்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் என் மார்க்கைக் கேட்டார்கள். கேட்டதும் பேச்சை மாற்றினார்கள். கணக்கில் தட்டுத்தடுமாறிப் பாஸ். மற்ற பாடங்களும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனாலும் சமூகப்பணி படிப்பதென்று நான் முடிவு செய்திருந்தேன்.

"டெங்கு வந்துச்சுன்னு ஒரு சர்டிஃபிகேட் வாங்கிக்கோ. பாவம்னு சீட் குடுப்பாங்க," என்றார் மாமா.

"எனக்குக் காய்ச்சலே வரல மாமா. பாவம்னு யாரும் குடுக்க வேணாம்."

கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

தாம்பரத்தில் ஒரு கல்லூரியிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. அம்மாவுடன் போனேன். என் அம்மா, அப்பா இருவருக்குமே காது கேட்காது, சைகையில்தான் பேசுவார்கள். வெளியில் எங்கே போனாலும் அவர்களுக்காகப் பேசுவது நான்தான்.

துறைத் தலைவியான மேடம் என் மார்க்கைப் பார்த்துவிட்டு, "பரீட்சை நேரத்துல உனக்கு உடம்பு சரியில்லையா? அம்மாவைக் கேளு," என்றார்.

கேட்டேன். அம்மாவின் கைகள் பதில் சொல்லின. அந்த அறையில் அது புரிந்தது எனக்கு மட்டும்தான். என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம்.

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சாம் மேடம். எனக்குக் கணக்கு ஏறலன்னு சொல்றாங்க."

மேடம் சிரித்துவிட்டார். "மாத்திச் சொல்லியிருக்கலாமே?"

"அவங்க சொன்னதை மாத்த எனக்கு உரிமை இல்ல மேடம்."

பிறகு நிறைய விசாரித்தார். வங்கி, காவல் நிலையம் என்று நான் அம்மாவின் தோழிகளுக்காகப் பேசப்போனது, ஒருவருக்கு ஆபரேஷன் என்றபோது டாக்டர் சொன்னதை ஒவ்வொன்றாகச் சைகையில் புரியவைத்தது, எல்லாவற்றையும் சொன்னேன்.

"இதையெல்லாம் அப்ளிகேஷன்ல ஏன் எழுதல?"

"எழுத இடம் இல்ல மேடம். மார்க் போடத்தான் கட்டம் இருந்துச்சு."

என் குரல் சற்று ஓங்கிவிட்டதோ என்று தோன்றியது. ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை. மேடம் வெள்ளைத்தாள் எடுத்துக் கொடுத்து, "எழுதி இதோட சேர்த்துக் குடு," என்றார். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். நான் விட்டதையெல்லாம் பக்கத்திலிருந்து அம்மா கையால் ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தார்.

முதல் பட்டியலில் என் பெயர் இல்லை. இரண்டாவதில் வந்தது.

இப்போதும் யாராவது என் பிளஸ் டூ மார்க்கைக் கேட்டால் குரலைத் தாழ்த்தாமல் சொல்கிறேன்; அவர்கள் பேச்சை மாற்றுவதற்குள், கேட்காத மீதியையும் சொல்லி முடித்துவிடுகிறேன்.