குறி இல்லாத பிரதி

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அதை நேர்மை என்று பல வருடங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீடு செங்கல்பட்டில். வேலை மறைமலைநகரில், கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் தரம் பார்ப்பது. இந்த ஒழுங்கான வாழ்க்கைக்கு நடுவில் பஸ் ஓட்டும் கம்ப்யூட்டர் கேம் ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. அதில் வருவதெல்லாம் வெளிநாட்டு ரோடு, வெளிநாட்டு பஸ். ஹாரன் அடிக்காமல், குறுக்கே மாடு வராமல், பனியில் வழுக்கிக்கொண்டு போவதில் என்ன சுகம்? நம் ஊர் பஸ்ஸையும் ரோட்டையும் நாமே செய்து அந்த கேமுக்குள் சேர்த்துக்கொள்ளலாம் என்று தெரிந்ததும், அப்படிச் செய்கிறவர்கள் கூடிப் பேச ஓர் இணையதளம் ஆரம்பித்தேன்.

நடத்தியது இரண்டு பேர். நானும், கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உட்காரும் நண்பனும். அந்த இரண்டு சீட்டுதான் எங்கள் ஆபீஸ். காலையில் போகும்போது போனிலேயே புது ஆட்களைச் சேர்ப்போம், சாயங்காலம் திரும்பும்போது சண்டை தீர்ப்போம். ஒருவன் செய்த பஸ்ஸின் பச்சை சரியான பச்சை இல்லை என்று இன்னொருவன் சொல்வான்; அதற்குக் குடும்பத்தையே இழுப்பார்கள். நான் எரிந்து விழுவேன். நண்பன் நைச்சியமாகப் பேசிச் சமாதானம் செய்வான். அவன் இல்லாமல் அந்தத் தளம் ஒரு மாதம் தாங்கியிருக்காது.

முதல் ரோடு, செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம். செய்து முடிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. எல்லோருக்கும் வெளியிடும் முன் ஏழெட்டு பேருக்கு மட்டும் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொல்வது எங்கள் வழக்கம். அப்படிக் கொடுத்த மறுவாரமே அது போட்டித் தளம் ஒன்றில் வந்துவிட்டது. எங்கள் பெயர்களை அழித்துவிட்டு அவர்கள் பெயரைப் போட்டிருந்தார்கள். எனக்குக் கண்மண் தெரியவில்லை.

மறுநாள் பஸ்ஸில் நண்பன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, கடப்பாக்கத்துக்காரர் மேல்தான் தனக்குச் சந்தேகம் என்றான். கடப்பாக்கத்துக்காரர் எங்கள் உறுப்பினர், மீன் வேன் ஓட்டுகிறவர். நான் அவரை நேரில் பார்த்ததில்லை. அடுத்ததாக மாமல்லபுரத்திலிருந்து கடப்பாக்கம் வரை கடற்கரைச் சாலையைச் செய்யலாம் என்று நான் சொன்னபோது, வேனை நிறுத்தி நிறுத்தி அத்தனை தூரத்தையும் போட்டோ எடுத்து அனுப்பியவர் அவர்தான். வேகத்தடை, டீக்கடை, சவுக்குத்தோப்பு, எதையும் விடவில்லை.

ஆனால் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நண்பன். கம்பெனி கேட் வருவதற்குள் கடப்பாக்கத்துக்காரரை நீக்கிவிட்டு, கூட இருந்தே குழி பறித்த துரோகி என்று முகப்பில் அறிவிப்பும் போட்டேன். நிறையப் பேர் பாராட்டி எழுதினார்கள். எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. அவர் எடுத்த போட்டோக்களை மட்டும் நீக்கவில்லை. அவற்றை வைத்துத்தான் கடற்கரைச் சாலையை முடித்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இந்த முறை ஏமாறக்கூடாது என்று இருந்தேன். எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு பாகத்திலும் ஓர் எண் குத்துவோம். பழுதென்று திரும்பி வந்தால் எந்த மெஷினில், எந்த ஷிப்டில் செய்தது என்று தெரிந்துவிடும். அதே வேலையை இங்கேயும் செய்தேன். கடற்கரைச் சாலையில் பாலாற்றுப் பாலம் தாண்டியதும் ஒரு மைல்கல் வரும். அதில் இருக்கும் எண்ணை ஆளுக்கு ஒன்றாக மாற்றி, ஏழு பேருக்கு ஏழு பிரதி அனுப்பினேன். எட்டாவது பிரதி நண்பனுக்கு. அதில் மட்டும் எதையும் மாற்றவில்லை, சரியான எண்ணையே விட்டுவைத்தேன். அவனுக்கும் குறி போடுவது அவனை அவமானப்படுத்துவது போல இருந்தது. குறி போட்ட விஷயத்தையும் அவனிடம் சொல்லவில்லை, எங்காவது உளறிவிடுவான் என்று.

நான்காம் நாள் அந்த ரோடும் போட்டித் தளத்துக்கு வந்துவிட்டது. அதை இறக்கி ஓட்டினேன். பாலத்தைத் தாண்டி பஸ்ஸை நிறுத்தினேன். மைல்கல்லில் சரியான எண் இருந்தது.

அப்போதும் எனக்கு அவன் நினைவு வரவில்லை. என் கம்ப்யூட்டருக்குள் யாரோ புகுந்து திருடிவிட்டார்கள் என்று முடிவுகட்டி, எல்லா பாஸ்வேர்டையும் மாற்றினேன். புது பாஸ்வேர்டுகளை அவனுக்கும் அனுப்பிவைத்தேன். அவ்வளவு பெரிய முட்டாள் நான்.

மறுநாள் பஸ்ஸில் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, இது நாவலூரில் வேலை பார்க்கும் உறுப்பினரின் கைவரிசைதான் என்று ஆரம்பித்தான். அதே தாழ்ந்த குரல். நாவலூர்க்காரரின் பிரதியில் நான் போட்டது வேறு எண்; எண் மாறாத பிரதி போனது இவனுக்கு மட்டும்தான். மைல்கல் விஷயத்தை அவனிடம் சொன்னேன்.

பரனூர் டோல்கேட் தாண்டி சிங்கப்பெருமாள் கோயில் வரும்வரை அவன் போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

"அவங்க என்னிய மெயின் அட்மினா போட்டாங்க மச்சான். உன் சைட்ல நான் எப்பவும் ரெண்டாவது ஆளுதான" என்றான். கொஞ்சம் கழித்து, "ஒரு பஸ் கேமுக்குப் போயி இன்னாத்துக்கு மூஞ்ச இப்டி வெச்சிகினு கீற?"

முதல் ரோட்டையும் நீதான் கொடுத்தாயா என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது. கம்பெனி ஆட்கள் நிறைந்த பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொடுத்ததைக்கூட விட்டுவிடலாம். கொடுத்துவிட்டு தினமும் காலையும் மாலையும் என் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து வந்தானே, அதுதான் ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு கடப்பாக்கம் போனேன். நான் செய்த ரோட்டில் நான் அதுவரை முழுதாகப் போனதே கிடையாது. ஐஸ் கடையில் விசாரித்து அவரைக் கண்டுபிடித்தபோது வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னேன், நடந்ததையெல்லாம் சொன்னேன். கழுவுவதை அவர் நிறுத்தவில்லை.

"அவன் உன் கூட்டாளி, இன்னாவோ பண்ணிக்கினான். அவன நான் இன்னா கேக்கறது? துரோகின்னு போட்டது நீதான அண்ணாத்த. ஒரு வார்த்த என்னிய கேட்டியா?"

அறிவிப்பை எடுத்துவிட்டு மன்னிப்பு எழுதுகிறேன், ரோட்டில் உங்கள் பெயரை முதலில் போடுகிறேன் என்றேன். உன் இஷ்டம் என்றார். இத்தனை செய்தி அனுப்பினேனே, ஒன்றுக்காவது பதில் போட்டிருக்கலாம் என்றார். எனக்கு எதுவும் வரவில்லை என்று சொன்னதை அவர் நம்பவில்லை. டீ குடிக்கிறாயா என்றுகூடக் கேட்கவில்லை.

நீக்கப்பட்டவர்கள் தளத்துக்குள் எழுத முடியாது. ஆனால் தொடர்புக்கு என்று அடியில் ஒரு பெட்டி உண்டு, அதில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். அதைப் பார்ப்பது நண்பனின் பொறுப்பு. வீட்டுக்கு வந்து திறந்தேன். கடப்பாக்கத்துக்காரரிடமிருந்து பதினொரு செய்திகள். எல்லாமே ஏற்கெனவே திறந்து படிக்கப்பட்டிருந்தன. முதல் பத்திலும் ஒரே விஷயம்தான்: நான் இல்லை, ஒரு தடவை போன் பண்ணு. அதன்பிறகு இரண்டு மாதம் ஒன்றும் இல்லை. கடைசிச் செய்தியில் தன்னைப் பற்றி அவர் எதுவும் எழுதவில்லை.

"உப்பளத்துக்கிட்ட ரோட்டோரம் ரெண்டு பனமரத்த வெட்டிட்டாங்க அண்ணாத்த. கேம்லயும் எடுத்துடு."